ஆறாவது கேமரா

மார்ச் 3
புது ரீப்ளே மெஷின் தயார். ஆறு கேமராக்கள் எடுப்பதும் இதில் ஒன்றாகப் பதிவாகும். கோல் விழுந்த மறுநொடி, வேண்டிய கோணத்தில் மெதுவாகத் திருப்பிக் காட்டலாம். செய்தவள் மருமகள். மெஷினில் ஒட்டிய குறிப்பில் இரண்டு எழுத்துப் பிழை. கான்வென்ட்டில் இதற்கு முழங்காலில் நிற்க வைப்பார்கள்.

"மெஷினப் பாத்தீங்களா, அத்தை?"

பிழையைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தொடங்கிய கம்பெனி. அவருக்குப் பின் தலைவி நான்.

மார்ச் 9
வெள்ளிக்கிழமை லீக் அதிகாரிகள் முன் சோதனை. பிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்கிறான் மகன். ஐந்து கேமரா மைதானத்தில். ஆறாவதற்கு இடமில்லையாம், கட்டுப்பாட்டு அறையின் மூலையிலேயே மாட்டிவிட்டாள். சோம்பேறித்தனம்.

மார்ச் 13
கோல் விழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் மருமகள் அதிகாரிகள் பக்கம் திரும்பி விளக்கிக்கொண்டே இருந்தாள். வளவளவென்று! மெஷினின் லீவரை நானே இழுத்தேன். பழைய மெஷினில் இழுத்தால் வேகம் குறையும். இதில் முந்தைய காட்சிக்குத் தாவுகிறது. யார் மாற்றச் சொன்னார்கள் இவளை? பெரிய திரையில் கோலுக்குப் பதில், முன்பு வெளியே போன பந்து. மைதானமே ஊளையிட்டது.

"உங்க மெஷினுக்கு ஞாபக மறதியா?" என்று சிரித்தார் ஓர் அதிகாரி.

"அத்தை, லீவரத் தொட்டீங்களா?"

"நானா? வாய அடக்கிப் பேசு."

மகன் எல்லோர் முன்னும் சொன்னான்: "தப்புப் பண்ணினா ஒத்துக்க. அம்மா மேல பழி போடாத."

பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளைதான்.

மார்ச் 14
மூலைக் கேமரா! ஐயோ, அது என்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது?

இடம் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதுவது மெஷினின் வழக்கம். குறித்துவைத்தது மட்டும் அழியாது. மெக்கானிக்கிடம், அணைக்காமல் ஓடவிடு, தாங்குகிறதா பார்ப்போம் என்றேன்.

"சின்னம்மா சொல்லலியே, மேடம்?"

"இங்க சம்பளம் யார் குடுக்கறது?"

ஓடவிட்டான்.

மார்ச் 16
மெஷின் நிறைந்து, பழைய பதிவு அழிந்துவிட்டது. பசித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 20
மருமகளின் வேலைநீக்கக் கடிதத்தை மகனே தட்டச்சு செய்து கொண்டுவந்தான். ஒரு காற்புள்ளியைச் சேர்த்துக் கையெழுத்திட்டேன். பெட்டியோடு வீட்டு வாசலில் நின்று, "போறேன்" என்றாள். வர்றேன் என்று சொல்லக்கூட வளர்க்கவில்லை இவளை.

ஜூன் 6
டி.வி.யில் இறுதி ஆட்டம். போட்டிக் கம்பெனியின் மெஷின். இப்போது அவள் அங்கேதான். ரீப்ளே சுத்தமாக வந்தது. குறை தேடினேன், கிடைக்கவில்லை.

மகன் தன் கைப்பேசியை என் மடியில் வைத்தான். திரையில் ஒரு கை. என் மோதிரம். லீவர். எல்லாம் மெல்ல, மிக மெல்ல.

"அன்னைக்கே குறிச்சு எடுத்து வெச்சிருக்கா. திரும்பி வாடின்னு கெஞ்சினேன். பதிலுக்கு இத அனுப்பினா."



"கோணம் சரியில்ல. முகம் தெரியல" என்றேன்.

அவன் இன்னொரு முறை ஓடவிட்டான்.

ஜூன் 8
கம்பெனியைப் பூட்டியாயிற்று. மகன் வந்து சாவியை மேசையில் வைத்தான். தோளில் பை.

"சாவி இருக்கு, மேடம். போறேன்."