அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்

ஒக்டோபர் 17, வெள்ளி

காலை நல்ல வெயில். இரண்டு மணிக்குப் பிறகு மழை. கோயில் போய்வந்து சமையல்: பருப்பு, பூசணி, வல்லாரைச் சம்பல், பொரித்த மிளகாய். மூன்று பேருக்கு. தேங்காய் விலை இறங்கவில்லை, ஒன்றுதான் வாங்கினேன்.

வாசு அண்ணை வரவில்லை. போன் எடுத்தால் மணியே இல்லை, சிங்களத்தில் ஒரு பெண் பேசுகிறாள்.

இவர் இரண்டு மணி வரை சாப்பாடு போடவிடவில்லை. "பஸ் பிந்தியிருக்கும்." கொஞ்சம் கழித்து, "கொட்டாஞ்சேனையில வெள்ளமோ தெரியாது." அந்த வெயிலில் வெள்ளமாம்.

இவர் இந்தக் கிழமை எழுதிய தாள்கள் மேசையில் அப்படியே. வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிய இவர் வாசிப்பார், வாசு அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அப்பிடி இல்லை" என்று அவர் சொன்னால் இவர் அந்த இடத்தில் கோடு போட்டு வெட்டுவார். வேறு யார் சொன்னாலும், பேராசிரியராக இருந்தாலும், ஒரு காற்புள்ளியைக் கூட எடுக்கமாட்டார். இத்தனை புத்தகத்திலும் ஒரே ஒரு தடவைதான் வாசு அண்ணை சொல்லியும் வெட்டவில்லை. அந்த அத்தியாயத்தால்தான் இவருக்குப் பெயரே வந்தது.

மிச்சப் பருப்பு இரவுக்கு.

18, சனி

தீபாவளிப் பலகாரம் தொடங்கவில்லை. இருவரும் பஸ்ஸில் கொட்டாஞ்சேனை. வாசு அண்ணையின் அறை பூட்டு. புறக்கோட்டை இரும்புக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றதிலிருந்து அவர் அங்கே தனிக்கட்டைதான். வீட்டுக்கார ரசீனா தாத்தா ஓடி வந்தார்; அவர்கள் பேச்சில் அக்கா தாத்தா, அண்ணன் நானா.

"அல்லாவே, ஒங்களுக்குத் தெரியாதா? புதன்கிழம நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு குந்திட்டாரு. அம்புலன்ஸுக்கு நான்தான் சொன்னன். பெரியாஸ்பத்திரிக்கி கொண்டு போன. ஒங்களுக்குச் சொல்ல நம்பர் எங்க? அவர்ர போன் இந்தா, செத்துக் கெடக்கு."

இவர் போனை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். முகம் சுண்ணாம்பு.

"பேரு கேட்டாங்க. பெட்டிக்குள்ள ஐடி இருந்திச்சி, எடுத்துக் குடுத்துட்டன். நான் வாசிக்கல்ல, கண்ணாடி இல்ல. எங்களுக்கு எப்பவும் வாசு நானாதானே."

என்னை ஓட்டோவில் ஏற்றிவிட்டு இவர் நேரே ஆஸ்பத்திரிக்கு. ஏழு மணிக்கு நனைந்து வந்தார். காணவில்லையாம், வாட்டுகளுக்குள் தேட விடவில்லையாம். தலை துவட்டக்கூட இல்லை.

19, ஞாயிறு

முறுக்குப் பிழிந்தேன். அரைவாசி கருகிவிட்டது, மனம் அடுப்பில் இல்லை.

"பேரைச் சொல்லித்தானே கேட்டனீங்கள்?"

"வாசு எண்டு கேட்டனான்."

"முழுப்பேர்?"

இவர் கருகினதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மாக்கையோடு நான் அப்படியே நின்றேன். பிறகு, "தெரியாது," என்றார்.

இத்தனை வருடமாக ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள். இயக்கத்தில் ஒருவரின் சொந்தப் பெயரை, ஊரை மற்றவர் கேட்கக் கூடாதாம். பிடிபட்டால், தெரிந்தால்தானே வாயில் வரும். இயக்கம் போய், சண்டை முடிந்து, தலையும் நரைத்தாயிற்று. இவர்கள் மட்டும் இன்னும் கேட்கவில்லை. இவர் பெயர் புத்தகக் கடை எல்லாவற்றிலும் தொங்குகிறது, ஆனால் வாசு அண்ணை வாயில் இன்றும் இயக்கத்தில் வைத்த டேவிட்தான்.

எங்கள் கலியாணத்துக்கு முன் இவரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். அடித்தடித்துக் கேட்டது ஒரே கேள்விதான்: உன்னோடு திரிந்தவன் யார், உண்மையான பெயர் என்ன? விடுபட்டு வந்து வாசு அண்ணையிடம், "நான் சொல்லேல்லை மச்சான்," என்றாராம். "உனக்குத் தெரியாதேடா!" என்றாராம் அவர். இந்தப் பகிடியை நான் எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருப்பேன். சாப்பாட்டு மேசை அதிரச் சிரிப்பார்கள்.

இவரின் பெரிய நாவலில் அப்படி இல்லை. அதில் பிடிபட்டவனுக்குப் பெயர் தெரியும். சாகும்வரை சொல்லமாட்டான். அதை வாசித்துவிட்டுத்தான் ஆட்கள் அழுது கடிதம் போடுகிறார்கள். வாசு அண்ணை "அப்பிடி இல்லை" என்று சொல்லியும் இவர் வெட்டாத அத்தியாயம் அதுதான்.

இன்று முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பன் போல. எனக்கு இண்டைக்கும் தெரியாது."

நான் அடுத்த முறுக்கைப் பிழிந்தேன். எனக்கு வேறு பாரம். வாசு அண்ணையின் பெயர் எனக்குத் தெரியும்.

அவருக்குச் சனி மாற்றம் சரியில்லாத வருடம், அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார். வாசு என்றால் சாமிக்கு யாரென்று தெரியவேண்டாமா? நானே அவரைக் கேட்டேன். சொன்னார். "சாமிக்கு மட்டும் சொல்லுங்கோ தங்கச்சி. டேவிட்டுக்கு வேண்டாம், அடுத்த புத்தகத்தில வந்திடும்." பிள்ளையார் சந்நிதியில் வாக்குக் கொடுத்தேன். அனுஷம். மாதாமாதம் சொல்கிறேன். இங்கும் எழுதமாட்டேன்.

20, திங்கள், தீபாவளி

விடிய எண்ணெய் வைத்து முழுக்கு. இவர் புதுச் சேட்டுப் போடவில்லை. முறுக்குப் பை ஒன்றோடு மறுபடி ஆஸ்பத்திரிக்கு. நான் பலகாரம் கொடுக்க மாடிவீடு, கீழ்வீடு. கால் நடந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து சொன்னது. இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி இவரைக் கண்டுவிட்டு ஓடிவந்தாளாம்.

"சேர், நீங்கள்தானே! உங்கட நாவலை மூண்டு தரம் வாசிச்சனான். ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"என்ர சிநேகிதனை. இயக்கத்தில ஒண்டா இருந்தனாங்கள்."

"ஐயோ, சுந்தரலிங்கமோ? அவர் உண்மையாவே இருக்கிறாரோ?"

சுந்தரலிங்கம் இவர் நாவலில் வைத்த பெயர். சந்தோஷத்தில் இவர், "ஓம் பிள்ளை, அவன்தான்," என்றுவிட்டார். அவள் கணினியில் பார்த்து, ஒரு சுந்தரலிங்கம் இருக்கிறார் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாளாம். கட்டிலில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கிழவர் ஒருவர்.

"வாங்க தம்பி. இப்பத்தான் வர நேரம் கெடச்சிச்சா?"

கண் தெரியாத மனிசன். மகனென்று நினைத்து இவர் கையை விடவில்லை. இவர் பக்கத்தில் இருந்து முறுக்கை உடைத்து உடைத்து ஊட்டிவிட்டு வந்திருக்கிறார். வாசு அண்ணைக்குக் கொண்டுபோனது.

"நான் வைச்ச பேரால நானே அலையிறன்," என்றார். சிரித்த மாதிரி இருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மாலை கோயில். நல்ல சனம். பிள்ளையாருக்கு முன் நின்று கேட்டேன்: வாக்கை விட்டால் பிழையா, ஆளை விட்டால் பிழையா? சாமி எங்கே பேசுகிறது. தீபம் எடுக்கும்போது ஐயர் என்னைப் பார்த்து, "இண்டைக்கு அந்த அனுஷத்துக்கு ஒண்டுமில்லையோ அம்மா?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, ரசீனா தாத்தா திறந்த பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. தேடுகிற மனிசனுக்குத் தெரியாது.

21, செவ்வாய்

தேத்தண்ணி கொடுக்கும்போது சொன்னேன். "எனக்கு அவற்ர பேர் தெரியும்."

இவர் கோப்பையை வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"எப்ப இருந்து?"

"கன காலமா. அர்ச்சனைக்கு."

மறுபடி எடுத்துத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "எனக்குச் சொல்லிப்போடாதையும். நீர் வாரும், நீரே கேளும்."

விசாரிக்கும் ஜன்னலில் நீண்ட வரிசை. எங்கள் முறை வர இவர் என்னை விட்டு வாசல் மாமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நம கியன்ன அம்மே," என்று பெயர் கேட்டான் உள்ளே இருந்தவன். பெயரைச் சொன்னேன். சாமியையும் ஐயரையும் தவிர வேறு ஆளுக்குச் சொன்னது இதுதான் முதல். அவன் புத்தகத்தைப் புரட்டிச் சிங்களத்தில் வாட்டு நம்பர் சொன்னான். அவ்வளவுதான். மூன்று நாள் அலைச்சல் ஒரு நிமிடத்தில் முடிந்தது. இருதய வாட்டு, இரண்டாம் மாடி.

வாட்டு வாசலில் இவர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். "கட்டில்ல பேர் எழுதிப்போட்டிருப்பாங்கள்." கண்ணாடி இல்லாமல் இவருக்குக் கதவும் சுவரும் ஒன்றுதான். கையைப் பிடித்துக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போனேன். கால் இடறி ஒரு வாளி உருண்டது.

வாசு அண்ணை பாதியாகிவிட்டார். தாடி முளைத்திருக்கிறது.

"டேவிட்! கண்ணாடி எங்க? கண்ணும் போட்டுதோ?"

"இவவிட்டக் குடுத்திட்டன்."

அவர் தலைமாட்டு மட்டையைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்டீங்களோ?"

"ஜன்னல்ல இருந்தவனுக்கு மட்டும், அண்ணை."

சிரிக்க வெளிக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மடையன். முழு மடையன். சிரிப்புக் காட்டாதையடா, நோகுது."

நம்பரெல்லாம் போனுக்குள்ளாம், ஒன்றும் பாடமில்லையாம். "வெள்ளிக்கிழமை பருப்பை நினைச்சு அழுதனான் தங்கச்சி. அதைத் திட்டினதுக்கெல்லாம் சேத்து." தாதி மிஸ் மருந்தோடு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட, இவர் பெரிதாக இருமினார். அவள் இவருக்கும் ஒரு மாஸ்க் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரத்தக் குழாய் மூன்று அடைப்பு. வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறப்பார்களாம்.

23, வியாழன்

கந்தசஷ்டி விரதம் இரண்டாம் நாள். பாலும் வாழைப்பழமும். தலை கொஞ்சம் சுற்றுகிறது, அது வழமை.

டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். வயது, சீனி வருத்தம், பழைய காயம். பயப்படாமல் இருக்கச் சொல்லவும் இல்லை, பயப்படச் சொல்லவும் இல்லை. உறவுக்காரர் யாரென்று கேட்டார். "நான்," என்றார் இவர். என்ன முறை என்று கேட்கவில்லை, நல்லகாலம்.

மாலை வாட்டில் நாங்கள் மூவரும். இவர் கண்ணாடி என் கைப்பைக்குள். வாசு அண்ணையை நாளைக்கென்று சவரம் செய்து வயிறு காயப்போட்டு வைத்திருக்கிறார்கள்.

"டேவிட், இஞ்ச வா. கிட்ட."

இவர் குனிந்தார்.

"சொல்லட்டே? இப்பச் சொன்னா ஆர் வந்து அடிக்கப்போறான்? தெரிஞ்சு வைச்சுக்கொள். பெட்டியில போடேக்கையும் வாசு எண்டோ அறிவித்தல் குடுப்பாய்?"

இவர் நிமிர்ந்து போர்வையை இழுத்துவிட்டார்.

"வெளியில வந்து சொல்லு."

"வராட்டி?"

"வராட்டி எனக்குத் தெரியாது. ஆர் கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுவன். உனக்குத் தெரியுமே, நான் அதில கெட்டிக்காரன்."

வாசு அண்ணை மறுபக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. சிரிப்பா மற்றதா, நான் பார்க்கவில்லை.

24, வெள்ளி, அனுஷம்

அவருடைய நட்சத்திரத்திலேயே ஒப்பரேசன். நல்லதென்று எடுத்துக்கொண்டேன்.

இவர் கோயிலுக்கு வந்தார். சாமி கும்பிடாத மனிசன். உள்ளே வரவில்லை, செருப்பு வைக்கும் இடத்தில் நின்றார். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்க, மெதுவாகச் சொன்னேன். அவர் மணியோடு சேர்த்து உரத்துச் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். இவர் வீதியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. கச்சான் கடலை விற்கிறவள் ஒருத்தி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியாச்சோ?"

"ஓம்."

"நட்சத்திரமும்?"

"ஓம்."

"சரி, வாரும்."

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வாங்கில் இருந்தோம். நான் கவசம் பாடமாகச் சொன்னேன். இவர் பழைய தாள்களின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். இந்த இடத்திலுமா என்று எரிச்சல் வந்தது. மத்தியானம் ஒருவரும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குப் பிறகு டொக்டர் வந்தார். முடிந்தது, மெசினில் இருக்கிறார், இரண்டு நாள் பார்க்கவேண்டும்.

இவர் எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் நின்று மூக்கைச் சீறினார்.

27, திங்கள்

சூரன்போர். மெசின் கழற்றியாயிற்று. கண் திறந்து, தண்ணீர் கேட்டாராம். என்னை மட்டும் ஒரு நிமிடம் விட்டார்கள். "டேவிட் எழுதுறானோ?" என்றார். ஓம் என்றேன். நாளை பாரணை: வாழைக்காய், அகத்தி.

31, வெள்ளி

மழை, விட்டுவிட்டு. காலை பதினொன்றுக்கு வாசு அண்ணையைக் கூட்டிவந்தோம், இவரின் எழுதும் அறைக்கு. ரசீனா தாத்தாவுக்குப் போனில் சொன்னேன், வட்டிலாப்பம் அனுப்புகிறாராம். சீனி வருத்தம் என்றால் கேட்கிறாரில்லை. கட்டிலுக்குத் தலையணை ஆறு.

பருப்பு, குழைந்த சோறு, உப்பில்லாத கீரை. மூன்று பேருக்கு.

"பருப்பு அருமை தங்கச்சி."

"உப்பில்லை அண்ணை."

"அதுதான் சொல்லுறன்."

பிறகு இவர் பக்கம் திரும்பி, "டேவிட், வெளியில வந்திட்டன்."

"தெரியுது. முதல் சாப்பிட்டு முடி."

கையலம்பி வந்து இவர் கண்ணாடியைப் போட்டார். ஆஸ்பத்திரி வாங்கில் எழுதிய தாள்கள். வாசு அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். நான் கோப்பைகளோடு கதவில் நின்றேன். பெரிய நாவலின் அதே அறை, அதே அடி. இந்தமுறை பிடிபட்டவனுக்குப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டு கிடக்கிறான். எழுதினவர் பதில் எழுதவில்லை.

இவர் நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். கையில் வெட்டுகிற பேனை, "அப்பிடி இல்லை" வரும் என்று.

வாசு அண்ணை தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். போர்வைக்கு வெளியே கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

"ம்," என்றார். "மிச்சத்தை வாசி."

பெயர்க் கதையை இருவரும் பிறகு எடுக்கவேயில்லை. ஆறு மணிக்கு மருந்து, மறக்கக்கூடாது. அடுத்த அனுஷம் எப்போதென்று கலண்டர் பார்க்கவேண்டும்.