உன் பாதிப் பாடம்

சிப்பிகாட், 12.6.1966

அக்கா, கிழிக்காமல் படி.

மெட்ரிக் தேறிவிட்டேன். சரித்திரத்தில் எழுபத்தொன்று.

பாடங்களைப் பாதியாகப் பங்கு போட்டு, படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோமே, சரித்திரம் உன் பங்கு. பரீட்சையில் ஒவ்வொரு பதிலும் உன் குரலிலேயே வந்தது.

நீ வாழ்க்கைப்பட்ட ஹேவ்லாக் தீவிலிருந்து போட்டில் வந்தவர்கள், உன் கையில் கட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அடுப்பு சுட்டுவிட்டது என்றாயாம். அம்மா நம்பிவிட்டாள்.

உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா என்னிடம் கேட்டார்: "ரெண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது. யாருக்குப் படிப்பு ஏறுது?"

"அக்காவுக்கு எதுவும் மனசுல நிக்காதுப்பா" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய்.

அதை மறந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உனக்குத்தான் எதுவும் மறக்காதே.

உன் தங்கை