மவுண்ட் ரோட்டில் எனக்கென்று வைத்த பக்கம்

இப்போதுதான் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அறை முழுக்க உன் வாசனை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் மெட்ராசைச் சுற்றிவிட்டு வந்து, மறுநாள் கம்பெனி லைனில் என் பக்கத்து நாற்காலியில் இதே வாசனையோடுதான் உட்காருவாய். "கால் ரெண்டும் களண்டு போச்சு ஏட்டி" என்பாய். முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு எரியும். நீ செத்துப்போன பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. என் கால் ஏன் வலிக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீ தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். மெட்ராஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரகடத்தில் பையோடு இறங்கியவள். நான் மணிமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவள். தாம்பரம் போய் ரயிலேறினால் எனக்கு மெட்ராஸ். ஆனால் நான் பார்த்த மெட்ராஸ், அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன தி.நகர் மட்டும்தான். அதுவும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு.

கம்பெனியில் பார்சல் பெட்டிக்குள் வரும் பெரிய அட்டை ஒன்றை, செக்யூரிட்டி அண்ணனிடம் கெஞ்சி வெளியே கொண்டுபோய், அதில் மெட்ராஸ் மேப் போட ஆரம்பித்தாய். வாரத்துக்கு ஒரு ரோடு. போகும்போது ஒரு பக்க நடைபாதை, திரும்பும்போது எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் நடந்தால்தான் அந்த ரோடு அட்டையில் ஏறும். பூந்தமல்லி ஹை ரோடு, ஆற்காடு ரோடு, பீச் ரோடு என்று கோடு கோடாக மெட்ராஸ் வளர்ந்தது. "போன்லதான் மேப் கீதே, இன்னாத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"போன் வழி சொல்லும். அவசரத்துக்கு பாத்ரூம் எங்கன்னு சொல்லுமா? ஒத்தையில ஒரு பொம்பளப் புள்ள எங்க உக்காந்து டீ குடிக்கலாம்னு சொல்லுமா?"

நம் லைனில் நல்ல சர்க்யூட் போர்டுக்குப் பச்சைப் புள்ளி, கழித்த போர்டுக்குச் சிவப்புப் புள்ளி. அதே கணக்கில் நீ ஊரையே சோதித்தாய். சுத்தமான கழிப்பறைக்குப் பச்சை. எழுந்து போ என்று யாரும் விரட்டாத நிழலுக்குப் பச்சை. ஆம்பளைகள் வந்து இடித்துக்கொண்டு நிற்கும் பஸ் ஸ்டாப்புக்குச் சிவப்பு. "இந்த ஸ்டாப்பு ரிஜெக்ட்டு" என்று நீ சொல்லும்போது டீ பிரேக்கில் எல்லாரும் சிரிப்பார்கள். எழும்பூருக்கோ மயிலாப்பூருக்கோ போகிறவள் எவளாக இருந்தாலும் நேராக உன்னிடம்தான் வருவாள். உள்ளூர்க்காரி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், என்னை ஒருத்தியும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தாலும் நான் அனுப்புகிறவள் சுற்றிச் சுற்றித் தாம்பரத்துக்கே வந்து சேர்ந்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

என்னையும் கூட்டிப்போ என்று வாய்விட்டுக் கேட்டவள்தான் நான். வீட்டில் அப்பா விடவில்லை. "கம்பெனிக்குப் போறியா, வூட்டுக்கு வரியா, அத்தோட நிறுத்திக்கோ. மெட்ராஸ்ல உனக்கு இன்னா வேலை?" என்றார். அதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "சரி, மவுண்ட் ரோட்டை உனக்குன்னு வச்சிருக்கேன். உங்கய்யா எப்ப விடுதாரோ, அப்ப போவோம்" என்றாய். அட்டையின் நடுவில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தாய். யார் வந்து கேட்டாலும், "அது இவளுக்கு" என்று என்னைக் காட்டுவாய். வாழ்க்கையில் எனக்கென்று ஒருத்தர் ஒரு ரோட்டையே ஒதுக்கி வைத்தது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்திலிருந்து சுகன்யா வந்து உன் ஹாஸ்டல் அறையில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு நடப்பவள் அவளானாள். திங்கட்கிழமை இரண்டு பேரிடமிருந்தும் தைல வாசனை வரும். சோற்றில் கை வைத்தால் இறங்காது எனக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நீ காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை. உன் சாமானை உன் அண்ணன் வந்து எடுத்துக்கொண்டு போனார். அட்டை மட்டும் சுகன்யாவிடம் தங்கிவிட்டது. போன வாரம்தான் அதைக் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தேன். நடுவில் மவுண்ட் ரோடு. சைதாப்பேட்டையில் தொடங்கி, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று கோட்டைப் பக்கம் வரைக்கும் உன் கோடு, உன் புள்ளிகள்.

அடிப்பாவி, என்னை விட்டுவிட்டு நடந்துவிட்டாயா? "எப்பப் போனீங்க?" என்று கேட்டேன். என் குரலைக் கேட்டு சுகன்யா பயந்தே போனாள்.

"பொங்கலுக்கு முன்னாடிக்கா. நான்தான் மவுண்ட் ரோடு பாக்கணும்னு அடம் புடிச்சேன். ஆனா போற பக்கம் மட்டும்தான் நடந்தோம். திரும்பறப்ப அவங்க பஸ்ல ஏத்திட்டாங்க. எதிர்ப்பக்கம் உங்களோடதாம், அதுல காலே வைக்கக் கூடாதாம்."

மறுபடி பார்த்தேன். கோட்டின் ஒரு பக்கத்தில்தான் புள்ளிகள் இருந்தன. வேறொருத்தியாக இருந்தால் இதைக் கேட்டு நெகிழ்ந்து போயிருப்பாள். நான் நெகிழவில்லை. முழு ரோடு என்று சொல்லிவிட்டுப் பாதியைத் தந்தால் எப்படி? அதுவும் முதல் பாதி அவளுக்கு, மீந்தது எனக்கா? "நானும் கூட வரட்டாக்கா?" என்று கேட்டாள். "வேணாம்" என்றேன். உன்னைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லையடி.

அப்பாவிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னேன். "யார்கூட?" என்றார். "தனியா." சார்ஜரை எடுத்து என் பக்கம் நீட்டினார். "போன்ல சார்ஜ் போட்டுக்கினு போ" என்றார்.

இன்று காலை கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, எனக்கு வைத்திருந்த பக்கத்தில் நடந்தேன். நடந்தேன் என்றுதான் பெயர். கண்ணெல்லாம் எதிர்ப்பக்கம். அந்தப் பஸ் ஸ்டாப்பில் நீ அவளோடு உட்கார்ந்திருப்பாய், அந்த ஜூஸ் கடையில் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பாய் என்று பார்த்துக்கொண்டே போனேன். தேனாம்பேட்டையில் பாலம் கட்டுவதற்காக நடுரோட்டில் தகரம் அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் தெரியவில்லை. நுனிக்காலில் எக்கி எக்கிப் பார்த்தேன். அங்கே நின்ற போலீஸ்காரர், "இன்னாம்மா, யாரைத் தேடற?" என்று கேட்டார்.

"ஃப்ரெண்டு சார். அந்தப் பக்கமா போனா" என்றேன்.

வீட்டுக்கு வந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்தால், என் பக்கத்தில் ஒரு கழிப்பறையோ, நிழலோ, டீக்கடையோ நினைவில் இல்லை. வைப்பதற்கு ஒரு புள்ளி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகவேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பாமல் நடக்க வேண்டும் என்று இப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடியும் என்று தோன்றவில்லை.