வசந்தி சீனியர் ஆனாள்

ஆவணி 12, வியாழன்.

என் மகள் வசந்தியை ஹைகோர்ட்டில் சீனியர் அட்வகேட் ஆக்கிவிட்டார்கள். வக்கீலுக்கு அதற்கு மேல் பதவி இல்லையாம். என் நிலத்தை அமுக்கிக்கொண்ட கொழுந்தன் வீட்டுக்கும் லட்டு கொடுத்தனுப்பினேன். தின்னட்டும், வயிறு எரியட்டும்.

காலையில் அவள் போன் செய்தாள்.

"அம்மா, சீனியர் ஆனவங்க வக்காலத்து போடக்கூடாது. கட்சிக்காரங்ககிட்ட நேரா கேஸ் பேசக்கூடாது. நம்ம நில கேஸை இனிமே என் ஜூனியர் கவிதா பாத்துப்பா. நான் வாதாட மட்டும் வருவேன்."

"நான் இன்னாடி, கட்சிக்காரியா?"

"கோர்ட்டுக்கு அப்படித்தாம்மா."

இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் என்னிடம் பேசுவது அந்தக் கேஸைப் பற்றித்தான். சாப்பிட்டாயா என்பது கடைசியில் வரும். கொழுந்தன் இரண்டு முறை சமாதானம் பேச வந்தான். நான் விரட்டியதற்கு அவன் மேலுள்ள கோபம் மட்டும் காரணமில்லை.

மத்தியானம் கவிதா பேசினாள். மரியாதையான பெண். கொழுந்தன் வேலி போட்ட அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். நாள், கிழமை, அவன் கட்டியிருந்த கைலியின் நிறம்வரை எனக்கு மறக்கவில்லை.

"மறந்துபோச்சு கண்ணு. வசந்தி கேட்டா ஞாபகம் வரும்" என்றேன்.

கவிதா அவளிடம் சொல்லியிருப்பாள். இன்னும் போன் வரவில்லை.