இறங்கி வந்த முள்ளும் கோஸ் வண்டியில் போன மாப்பிள்ளையும்

மே சாரியாங்,
ஞாயிறு காலை

அன்பு மகள் மாலிக்கு,

நானும் உன் அம்மாவும் சௌகரியமாக இருக்கிறோம். நார்வே குளிரில் நீயும் நீ வாங்கிய பழைய காரும் அப்படியே இருக்க வேண்டும். காரில் எரியும் விளக்குகளைக் கண்டாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் என்னிடமிருந்து வந்ததுதான். குழப்பிவிடாமல் இருக்க முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. சாவி திருப்பியதும் எல்லா விளக்கும் எரிவது ஏன்
2. மஞ்சளும் சிவப்பும்
3. பெட்ரோல் முள்
4. வெப்ப முள்: ஏறினால் நில், இறங்கினால் கிளம்பு
5. வீராபொங்கின் கல்யாணம்

சாவியைத் திருப்பியதும் எல்லாம் ஒன்றாக எரிவது, வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' சொல்வது போல. சொல்லிவிட்டு அணைந்துவிடும், அப்போது எரியாத விளக்கைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அணையாமல் மஞ்சளாக நின்றால் சீக்கிரம் பட்டறைக்குக் கொண்டு போ, சிவப்பாக நின்றால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்து (நான் இரண்டுக்குமே நிறுத்திவிடுகிறேன், நீ அப்படிச் செய்யாதே). பெட்ரோல் முள்ளை அசைப்பது டேங்குக்குள் கிடக்கும் ஒரு மிதவை, ஆகையால் மலை ஏற்றத்தில் அது சொல்வதை நம்பாதே, சமதளத்தில் பார்.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒரே கதைதான். பக்கத்து வீட்டு வீராபொங்கின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக என்னைக் கூப்பிட்டார்கள், மெதுவாக ஓட்டுவேன் என்பதற்காகவே இருக்கும். பெண் வீடு மலைக்கு அந்தப்புறம். பிக்குகள் உச்சிப்பொழுதுக்கு முன் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேராவிட்டால் ஆசீர்வாதம் இல்லை, அடுத்த நல்ல நாள் மழைக்கால நோன்பு முடிந்த பிறகுதான். காரின் கூரையில் வாழைக்கன்றும் கரும்பும் கட்டி, பின்சீட்டில் உன் அம்மா மடியில் சீர்த்தட்டோடு போகும்போது பாதி மலையில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி எல்லாரும் இறங்கினோம். வீராபொங், 'மாமா, எனக்குக் கல்யாணம் மாமா!' என்று அழாத குறை. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முள் அடிமட்டத்துக்கே இறங்கியிருந்தது. ஆறிவிட்டது, ஏறுங்கள் என்றேன். உன் அம்மா ஏறவில்லை. 'ஏங்க, பாகு காய்ச்சின மாதிரி வாசனை வருதே, உங்க முள்ளுக்கு மூக்கு இருக்கா?' என்றாள். முள் பொய் சொல்லாது என்றேன். 'அப்ப முள்ளோட குடும்பம் நடத்துங்க' என்று சொல்லிவிட்டு, கோஸ் ஏற்றி வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். மாப்பிள்ளை, கரும்பு, வாழைக்கன்று, நான், எல்லாரும் கோஸ் மேல். பெண் வீட்டு வாசலில் வழக்கப்படி பூச்சரத்தைக் குறுக்கே பிடித்து வழிமறித்த பெண்கள், 'மாப்பிள்ளை வந்தாரா, சந்தைக்கு லோடு வந்துச்சா?' என்று கேட்க, உன் அம்மா, 'ரெண்டும்தான்டி, முத்தினதா பாத்து எடுத்துக்கோங்க' என்றாள். உள்ளே பிக்குகள் இன்னும் ஓதிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனாலும் வண்டி ஆறித்தான் இருந்தது என்பது என் கட்சி.

நீ நீண்ட நாள் நலமாக இரு, போகும் வழியெல்லாம் உனக்குக் காவல் இருக்கட்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது தண்ணீர் மூடியைத் திறக்காதே.

அன்புடன்,
அப்பா பிரசித்

பி.கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, நேற்று கட்டி இழுத்து வந்த காரைப் பார்க்கப் போனேன். தண்ணீர் ஊற்றினேன், ஊற்றியதெல்லாம் கிழிந்த குழாய் வழியாகத் தரையில் ஓடியது. அந்த முள் தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கிறது. தண்ணீரே இல்லாதபோது வெறும் காற்றை அளந்து, ஆறிவிட்டது என்று காட்டியிருக்கிறது. உன் அம்மாவுக்கு அடித்த பாகு வாசனை, தண்ணீரோடு கலந்திருந்த கூலன்ட் சூட்டில் ஒழுகியதுதான். அன்று கிளம்பியிருந்தால் என்ஜினும் போயிருக்கும், கல்யாணமும் நின்றிருக்கும். நான்காவதில் 'இறங்கினால் கிளம்பு' என்று எழுதியது தப்பு, அடித்துவிடு. இதை உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வாசலில் நின்று என்னையும் தரையில் ஓடிய தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள், சொல்ல வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.