கடம்பேரியில் கேளாமல் கழிந்த மூன்று நாள்

மழை தன் மாதம் மறவாது வருக. விதை தன் மண்ணில் பிழையாது முளைக்க. கற்பவர் கண்ணும் கற்பிப்பவர் நாவும் நலம் பெறுக.

நெடுவரை நாடும் அதன் பதினெட்டு ஏரிகளும் உடைய அரசி வெண்ணிக்கோதை, வெள்ளருவிக் கோட்டையிலிருந்து, நம் பேரவைக் கல்விச்சாலையின் தலைமை ஆசிரியராம் கணக்காயர் அழிசியார்க்கு விடுக்கும் ஓலை. உம் மாணாக்கர் முந்நூற்றுவரும் நலமென நம்புகிறோம். உம்மிடம் பயின்று போன ஒருத்திக்கு நேர்ந்ததை நீர் அறிய வேண்டும் என்பதால், ஓலைநாயகத்தைக் கொண்டு எழுதுவியாமல் நம் கையாலேயே எழுதுகிறோம்.

எயினியை நீர் மறந்திருக்க மாட்டீர். சென்ற ஆண்டுத் தேர்வில் முதலாவதாக வந்தவள். ஏரியின் நீளமும் அகலமும் ஆழமும் சொன்னால், அந்நீர் எத்தனை வயலுக்கு எத்தனை நாள் பாயும் என்று விரல் மடக்காமல் சொல்லி அவையை வியக்க வைத்தவள். முதலிடம் பெற்றவர்க்கு உயர்ந்த பணி என்பது நம் வழக்கம். ஆகவே கடம்பேரியின் நீர்க்கண்காணியாக அவளை அமர்த்தினோம். அன்றுவரை அவள் ஒரு மதகைக் கிட்டே நின்று பார்த்ததில்லை என்பதை நீரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

கடம்பேரி இங்கிருந்து ஆறு நாள் வழி. ஆடி மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்தபோது ஏரிக்கரை மக்கள் வரிசையாய் நின்று வரவேற்றனர். மதகு திறக்கும் கொற்றி என்பவள், எயினியின் வயதே உடையவள், எந்த மதகை முதலில் திறப்பது என்று பணிவோடு கேட்டாள். எயினிக்குத் தெரியவில்லை. ஆராய்ந்து சொல்வதாகக் கூறிவிட்டுக் கண்காணி இல்லத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் எதைக் கேட்டாலும் அதுவே விடை. ஒரு மாதத்தில் அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டுத் தங்கள் பழக்கப்படியே மதகுகளைத் திறந்து மூடினர்.

அவள் கரைமேல் வந்தால் எல்லாரும் வணங்குவர், பேச்சு நின்றுவிடும். அவள் கடந்து போனதும் சிரிப்பும் பேச்சும் மறுபடி தொடங்குவது முதுகுக்குப் பின்னால் கேட்கும். தனக்கென்று ஒரு பிடி அரிசி உலையிலிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து உண்பாள். நாள்தோறும் நீரை அளந்து எழுதுவாள். அதைப் படிப்பார் எவருமில்லை. உடன் பயின்றோர்க்கு ஓலை விடுத்தாள். துறைமுகத்துக்குப் போனவனும் நோயாளரைப் பேணும் ஆதுலர்சாலைக்குப் போனவளும் தாம் நலமென்று மறுமொழி எழுதினர். அவளும் நலமென்றே எழுதினாள். பின்னர் அவ்விருவரையும் அழைத்து விசாரித்தோம். அவர்களும் நலமாயில்லை.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. ஒருநாள் காலை, கரையின் வெளிப்புற அடியில் விரற்கனம் நீர் கசிவதை எயினி கண்டாள். பெரிய கரைகள் கசிவதுண்டு என்று படித்திருந்தாள். எப்போது அஞ்ச வேண்டும் என்பது எந்தச் சுவடியிலும் இல்லை. முதல் நாள் அந்நீர் தெளிந்திருந்தது. மறுநாள் அரிசி கழுவிய நீர்போல் கலங்கிற்று. மூன்றாம் நாள் மணிக்கட்டுப் பருமனில் செம்மண்ணாய் வந்தது. அந்த மூன்று நாளும் அவள் கொற்றியின் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். ஒருமுறை கொற்றியே வெளியே வந்து என்ன வேண்டுமென்று கேட்க, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் உள்ளே போனாள். அங்கே பேசப்பட்டதை, இருவரும் நம்மிடம் சொன்னபடியே எழுதுகிறோம்.

"கரைக்கு அடியில செந்தண்ணி வருது. அது என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள் எயினி.

கொற்றி மடியிலிருந்த தன் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். "கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதும்மா! எத்தன நாளா?"

"மூணு நாளா."

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"ஒண்ணுந் தெரியாதவன்னு நெனப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

"தெரியாதவங்கதானே நீங்க. அதுல என்ன? வாங்க, கூடையப் பிடிங்க."

ஊரே திரண்டது. வைக்கோல் கட்டுகளையும் களிமண்ணையும் கொட்டி மிதித்தனர். மிகைநீர் வழியும் கலிங்கின் பலகைகளைக் கழற்றி நீரை வெளியேற்றினர். மறுநாள் மாலைவரை எயினியும் மண் சுமந்தாள். கரை நின்றது; ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் வெளியேற்றிய வெள்ளம் ஏரிக்குக் கீழே ஆலம்பள்ளத்து வயல்களில் பால்பிடித்து நின்ற நெல் முழுவதையும் மூழ்கடித்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் பத்துக் கூடை மண்ணோடு போயிருக்கும் என்றனர். மூழ்கியவற்றில் கொற்றியின் வயலும் ஒன்று.

தன்னைத் தண்டிக்க வேண்டி எயினி தானே நம் அவைக்கு வந்தாள். மூன்று நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வினவினோம். கல்விச்சாலையில் விடை தெரியாதவர் எழுந்து நிற்க வேண்டும் என்பது முறையென்றும், ஏழாண்டில் தான் ஒருநாளும் நின்றதில்லை என்றும், நிற்கப் பழகவில்லை என்றும் விடையிறுத்தாள்.

கணக்காயரே, நாமும் பத்தொன்பது வயதில் இவ்விருக்கையில் அமர்ந்தோம். அன்றுமுதல் பதினோர் ஆண்டு, எதையும் தெரியாது என்று எவரிடமும் நாம் சொன்னதில்லை. அவளைத் தண்டிக்க நமக்கு நா எழவில்லை.

ஆலம்பள்ளத்துக்கு அரண்மனைக் களஞ்சியம் அடுத்த அறுவடைவரை நெல் அளக்கும். உமக்கு நாம் இடும் ஆணை இது: இறுதியாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும், தாம் விரும்பும் பணியைச் செய்வாரோடு ஒரு பருவம் தங்கி, அவர் உண்பதை உண்டு, அவர் சுமப்பதைச் சுமந்து வரல் வேண்டும். ஒவ்வாதெனக் கண்டால் திரும்பி வந்து வேறொன்றை நாடலாம். அதை இழுக்கென எவரும் சொல்லற்க. விடை தெரியாதவரை எழுப்பி நிற்கவைக்கும் வழக்கம் இன்றோடு ஒழிக. புதிதாய்ப் பணியேற்பவர் எவரையும் எவ்வூர்க்கும் தனியே விடுக்கற்க.

எயினி தன் விருப்பப்படியே கடம்பேரிக்கு நேற்றுப் புறப்பட்டாள். துணைக்கு ஒருவரை அனுப்பவா என்றோம். "கொற்றியக் கேட்டுச் சொல்றேன், தேவி" என்று வணங்கிப் போனாள். அவையோர் கலைந்தபின் மண்டபத்தில் நாம் மட்டும் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

இவ்வோலை கண்ட நாளே நடப்பதாக. இரட்டை மதகு முத்திரை நம் கையால் இட்டோம். வெண்ணிக்கோதை எழுத்து.