அம்மனுக்குப் போகும் உப்பு

ஐப்பசி, வியாழன் இரவு.

எழுந்து நின்றால் என் இதயம் ரயிலைப் பிடிக்கப்போவதுபோல் ஓடும். கொஞ்ச நேரத்தில் கண் இருண்டு விழுவேன். இதற்குப் பாளையங்கோட்டை டாக்டர் சொன்ன வைத்தியம் எளியது: நிறைய உப்பு, நிறையத் தண்ணீர், கால்களை இறுக்கிப் பிடிக்கும் உறை.

இன்று மத்தியானம் சாம்பாரில் உப்பு இல்லை. மோரிலும் இல்லை. அத்தையிடம் கேட்டேன்.

"ஒனக்காவத்தான் நேர்ந்திருக்கேன், ஏட்டி. நாளைக்கு அம்மனுக்கு உப்பு கொட்டுதோம். அதுவரைக்கும் நீ உப்பத் தொடக்கூடாது."

"டாக்டர் நெறையச் சாப்பிடச் சொல்லியிருக்காரே, அத்தை."

"அவருக்கு மேல படிச்சவ அவ. உப்பு கரையுத மாதிரி ஒன் சீக்கும் கரைஞ்சிரும்."

வீட்டிலிருந்த உப்பு முழுவதும், என் உப்புக்கரைசல் பொட்டலங்களோடு சேர்த்து, மஞ்சள் பையில் வாசலில் காத்திருக்கிறது. கணவரிடம் முறையிட்டேன். "ஒரு நாள்தான, பைய நில்லு" என்றார். மெதுவாக எழலாம்; மெதுவாக நிற்பது எப்படி?

போன வெள்ளிக்கிழமை அதே கோயில் வரிசையில்தான் விழுந்தேன். நெற்றித் தையல் இன்னும் பிரிக்கவில்லை. எனக்குச் சாமி வந்துவிட்டதென்று நினைத்து, பக்கத்தில் நின்றவள் தன் மகன் கல்யாணம் எப்போது என்று குறி கேட்டாள். அத்தை நேர்ந்துகொண்டது அப்போதுதான்.

நாளை கூட்டம் இன்னும் அதிகமாம். படுத்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காலுறையாவது இருக்கிறதே என்று தேடினேன். சந்நிதிக்குச் சுத்தமாகப் போக வேண்டுமென்று அத்தை அதைத் துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் போட்டிருக்கிறார்.

மழை பிடித்துவிட்டது.